பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

பைபாஸ் ஓரத்து கார் கன்சல்டிங் கடை எதற்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு ஜோடியைப் பார்க்கலாம். முன்வரிசையில் ஒரு வேகன் ஆர். அதற்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே விலைக்கு, ஒரு செவர்லே க்ரூஸ். ஒன்றில் ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், துணி சீட், நாலு பேர் உட்கார்ந்து போனால் போதும் என்று செய்த வண்டி. இன்னொன்றில் இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்கும். புதிதாக வந்த காலத்தில் வேகன் ஆரைவிடப் பல மடங்கு விலை. குடும்பத்தோடு பார்க்க வந்தவர்களின் கண் எதன்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. “இதே காசுக்கு இது கிடைக்கும்போது அது எதுக்குப்பா?” என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிடுவார். கடைக்காரர் வாயைத் திறக்கமாட்டார். வேகன் ஆர் இந்த வாரமே போய்விடும், நாள் கணக்கில் நிற்பது க்ரூஸ்தான் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டும் ஒரே விலைக்கு வந்து நிற்பதற்குக் காரணம் க்ரூஸ் மோசமான வண்டி என்பது இல்லை. ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால், முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட்டு, பின்னால் போனவர் லேசாக இடித்து, ஒரு ஹெட்லைட் உடைந்தால் என்ன ஆகும்? வேகன் ஆர்க்காரர் மறுநாள் ஆபீஸுக்கு அதே காரில் போவார். க்ரூஸ்காரர் ஹெட்லைட்டைத் தேடி ஊர் ஊராக போன் போட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தேடலின் விலையைத்தான் சந்தை முன்கூட்டியே கழித்துக்கொண்டு போர்டில் எழுதிவைத்திருக்கிறது.

பழைய கார் வாங்கும்போது நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் மனப்பாடம். எத்தனையாவது ஓனர், எவ்வளவு ஓடியிருக்கிறது, மைலேஜ் என்ன தரும், டயர் எப்படி, ஆக்சிடென்ட் ஆன வண்டியா. எல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் இவை அந்த ஒரு வண்டியின் கடந்த காலத்தைப் பற்றியவை. வாங்கிய பிறகு நாம் ஓட்டப்போகும் ஐந்து, ஆறு வருடத்தில் வண்டி ஏதோ ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. பத்து வயதான காரில் கிளட்ச் தேயும், லோயர் ஆர்ம் புஷ் போகும், ஏ.சி. கம்ப்ரெசர் சத்தம் போடும், ஃபேன் மோட்டார் எரியும். அப்போது நம் ஊர்க் கடையில் அந்த சாமான் இருக்கிறதா என்பதுதான் வண்டி ஒரு நாள் நிற்குமா, ஒரு மாதம் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இதை யாரும் கேட்பதில்லை.

கடையைக் கட்டிக்கொண்டு போனவர்கள்

இந்தக் கேள்வி இப்போது இவ்வளவு முக்கியமாகிவிட்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் கார் விற்க வந்து, பிறகு கடையைக் கட்டிக்கொண்டு போன கம்பெனிகளின் பட்டியல் நீளம். டேவூ தன் சியலோவையும் மாட்டிஸையும் விட்டுவிட்டு 2000-களின் தொடக்கத்தில் நொடித்துப்போனது. ஓப்பல் கோர்சா, அஸ்ட்ரா விற்பனை 2006-ல் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மே மாதம், செவர்லே கார்களை இனி இந்தியாவில் விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. பீட், ஸ்பார்க், செய்ல், என்ஜாய், டவேரா, க்ரூஸ் எல்லாம் அநாதையாயின. அந்தக் கம்பெனியின் குஜராத் ஹலோல் தொழிற்சாலை இப்போது எம்.ஜி. கையில், மகாராஷ்டிர தலேகாவ் தொழிற்சாலை ஹூண்டாய் கையில். ஃபியட்டின் புன்டோவும் லீனியாவும் 2010-களின் இறுதியில் நின்றன. நிஸ்ஸான் 2014-ல் கொண்டுவந்த டட்சன் பிராண்டு 2022-ல் முடிந்துபோனது.

தமிழ்நாட்டுக்கு நெஞ்சில் தைத்தது ஃபோர்டு. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசி ஈக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் செய்த வண்டி என்பதால் நம்மூரில் பார்ட்ஸ் கிடைக்கும் என்று நினைப்பது பெரிய தப்புக்கணக்கு. மிட்சுபிஷி லேன்சர் 1998-லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில்தான் தயாரானது. இன்றைக்கு அதே திருவள்ளூரில் ஒரு லேன்சருக்கு டெயில் லைட் கேட்டுப் பாருங்கள். தொழிற்சாலை எங்கே இருந்தது என்பது பார்ட்ஸ் கடைக்காரருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது, அந்தச் சாமானைக் கேட்டு வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான். அலமாரியில் ஒரு சாமானை வைத்தால் அதில் அவர் பணம் முடங்குகிறது. மூன்று மாதத்தில் விற்காத சாமானை அவர் மறுபடி வாங்கி வைக்கமாட்டார்.

அந்தக் கணக்கை நாமே போட ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் ஊர் கார் ஸ்டாண்டில் போய் நின்று என்னென்ன வண்டி நிற்கிறது என்று பாருங்கள். டிசையர், எட்டியாஸ், இன்னோவா, எக்ஸென்ட், மலைப்பக்கமாக இருந்தால் பொலேரோ. டாக்ஸி ஓட்டுகிறவருக்கு வண்டி நின்றால் அன்றைய சோறு நிற்கும். அதனால் அவர் எடுக்கும் வண்டிக்கு டவுனில் நாலு கடையிலாவது சாமான் இருந்தே தீரும். டொயோட்டா எட்டியாஸ் விற்பனை 2020-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பார்ட்ஸ் தட்டுப்பாடு என்று யாரும் புலம்புவதில்லை. ரோட்டில் அவ்வளவு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பல வருடம் ட்ராவல்ஸ் வண்டியாக ஓடியதால்தான், செவர்லே குடும்பத்திலேயே டவேராவுக்கு மட்டும் மெக்கானிக்குகள் இன்னும் முகம் சுளிப்பதில்லை.

“டைப் என்ன சார்?”

பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் பத்து நிமிடம் நின்றால் புரோக்கர்களிடம் கிடைக்காத ஞானம் கிடைக்கும். வருகிறவர் பெரும்பாலும் மெக்கானிக்கின் கையாள் பையன். கையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய சாமான். “அண்ணே, ஸ்விஃப்ட் லிங்க் ராடு ரெண்டு.” கவுன்டர்க்காரர் தலையைத் தூக்காமலே கேட்பார்: “டைப் என்ன?” 2005-ல் வந்த ஸ்விஃப்ட் டைப் ஒன்று, 2011-ல் உருமாறியது டைப் டூ, 2018-ல் வந்தது டைப் த்ரீ. “டைப் டூ.” “டீசலா, பெட்ரோலா?” “டீசல்.” “கம்பெனி ஐட்டமா, லோக்கலா?” இவ்வளவுதான் உரையாடல். இரண்டு நிமிடத்தில் அட்டைப் பெட்டி கவுன்டருக்கு வந்துவிடும். விலை, தரம் பார்த்து மூன்று பிராண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

அதே கவுன்டரில் ஒருவர் வந்து ஃபியட் லீனியாவுக்கு ஃபிரண்ட் பம்பர் கேட்கட்டும். இப்போது கவுன்டர்க்காரர் தலையைத் தூக்குவார். “ஆர்டர் போடணும். சேஸிஸ் நம்பர் குடுங்க. அட்வான்ஸ் கட்டுங்க. டெல்லில இருந்தா வரும், எப்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது. வந்தா ரிட்டர்ன் எடுக்கமாட்டோம்.” டெல்லி கஷ்மீரி கேட் மொத்த மார்க்கெட்டில் தேடிப் பிடித்து, லாரி பார்சலில் வந்து, பெட்டியைப் பிரித்தால் ஒரு கிளிப் உடைந்திருக்கும்.

இந்த இரண்டு உரையாடலுக்கும் நடுவே ஒரு மூன்றாவது ரகமும் உண்டு. “நம்மகிட்ட இல்ல. மெட்ராஸ்ல இருக்கு. இன்னிக்கு சொன்னா ராத்திரி பஸ்ல ஏத்திடுவாங்க, காலையில வந்துடும்.” ஆம்னி பஸ் பார்சலில் ஓர் இரவில் வந்து சேரும் சாமான் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. தென்காசியிலோ ராமநாதபுரத்திலோ இருப்பவருக்கு இதுவே போதுமான வசதி. ஃபோர்டு ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட், ஹோண்டா பிரியோ, ரெனோ டஸ்டர் போன்ற வண்டிகளைப் பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகத்தில் சேர்க்கலாம் என்பது என் கணக்கு.

இன்ஜின் ஒன்று, பெயர் பல

கம்பெனி போய்விட்டால் வண்டியே முடிந்தது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கார் உலகத்தில் சொந்தபந்தம் அதிகம். போனெட்டைத் திறந்தால்தான் அது தெரியும்.

மிகப் பிரபலமான உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். ஃபியட் புன்டோ, லீனியாவில் மட்டுமல்ல, டாடா இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட், போல்ட்டிலும் அதே இன்ஜின். செவர்லே செய்ல் டீசலிலும் அதுதான். மாருதி 2007-ல் ஸ்விஃப்ட் டீசலில் இதை டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் கொண்டுவந்து, டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸா என்று எல்லாவற்றிலும் வைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோதுதான் நிறுத்தியது. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று மெக்கானிக்குகள் கிண்டலாகச் சொல்வதுண்டு. அதனால், புன்டோ டீசலின் ஆயில் ஃபில்டர், டைமிங் செயின், இன்ஜெக்டர் வேலை போன்றவற்றுக்கு ஸ்விஃப்ட் பார்க்கும் எந்த மெக்கானிக்கும் பயப்படமாட்டார். இன்ஜின் பக்கம் அந்த வண்டி அநாதை இல்லை.

ஆனால் உடம்பு அநாதை. கண்ணாடி, கதவு ஹாண்டில், ஹெட்லைட், பம்பர், டேஷ்போர்டு சுவிட்ச் எல்லாம் ஃபியட்டுக்கு மட்டுமே உரியவை. பழைய கார் விஷயத்தில் எல்லாரும் இன்ஜினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் இன்ஜின் சாமானை லேத்தில் கொடுத்தாவது வேலை பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் ஹெட்லைட்டை லேத்தில் கடைந்து எடுக்க முடியாது. கம்பெனி போன வண்டிகள் பல, நல்ல இன்ஜினோடு ஷெட்டில் நிற்பதற்கு உடம்புச் சாமான்தான் காரணம்.

சொந்தம் என்பதிலும் நெருங்கிய சொந்தம், தூரத்துச் சொந்தம் உண்டு. செவர்லே பீட் டீசலில் இருப்பது அதே மல்டிஜெட்டில் ஒரு சிலிண்டரைக் குறைத்துச் செய்த மூன்று சிலிண்டர் இன்ஜின். மல்டிஜெட் குடும்பம் என்று சொல்லி விற்பார்கள். ஆனால் கிராங்கும் ஹெட்டும் வேறு, ஸ்விஃப்ட் சாமான் பொருந்தாது. 1.3 இன்ஜினிலேயே 75 குதிரைச் சக்தி ரகத்துக்கும் 90 குதிரைச் சக்தி ரகத்துக்கும் டர்போ வேறு. “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று புரோக்கர் சொன்னால், எந்தெந்தச் சாமான் ஒன்று என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு பெரிய குடும்பம் ரெனோவின் கே9கே எனப்படும் 1.5 டீசல் இன்ஜின். மஹிந்திரா லோகன், பிறகு அதே வண்டி பெயர் மாறிய வெரிட்டோ, ரெனோ டஸ்டர், நிஸ்ஸான் டெரானோ, மைக்ரா, சன்னி, இவற்றின் ரெனோ அவதாரங்களான பல்ஸ், ஸ்காலா எல்லாவற்றிலும் ஒரே இன்ஜின். இவற்றில் பெரும்பாலானவை சென்னை ஒரகடத்தில் பிறந்தவை. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். டட்சன் ரெடி-கோவும் ரெனோ க்விட்டும் ஒரே அடித்தளம், ஒரே இன்ஜின். க்விட் ரோட்டில் இருக்கும்வரை ரெடி-கோவின் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பயமில்லை. டொயோட்டா கிளான்ஸா என்பது மாருதி பலேனோ. ரூமியான் என்பது எர்டிகா. இங்கே சொந்தம் முழுச் சொந்தம்.

பேட்ஜைப் பார்த்து ஏமாறாதீர்கள்

“மாருதின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்ற பேச்சில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. மீதிக் கால்வாசியில் பலர் சிக்கியிருக்கிறார்கள். மாருதி கிஸாஷி என்று ஒரு பெரிய செடான் 2011-ல் வந்தது. முழுதாக ஜப்பானிலிருந்து இறக்குமதியானது. சில வருடத்தில் விற்பனை நின்றது. அதே மாருதி ஷோரூமில் விற்ற பழைய கிராண்ட் விட்டாராவும் இறக்குமதி வண்டிதான். எஸ்-கிராஸில் 1.3 டீசல் வாங்கியவர் நிம்மதியாக இருக்கிறார். ஓட்டுவதற்குச் சுகம் என்று 1.6 டீசல் வாங்கியவர் ஒவ்வொரு இன்ஜின் சாமானுக்கும் விலையைக் கேட்டு வியர்க்கிறார். அந்த இன்ஜின் வேறு எந்த மாருதியிலும் வரவில்லை. ஆகவே மாருதியா, ஹூண்டாயா என்பது பாதி விடைதான். எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கியர்பாக்ஸில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஈக்கோஸ்போர்ட் டீசல் மேனுவல் இன்றைக்கும் நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் பழைய வண்டிகளில் ஒன்று. அதே ஈக்கோஸ்போர்ட்டில் 2017-க்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்டது. வெளிநாடுகளிலேயே தலைவலி கொடுத்த கியர்பாக்ஸ் அது. நம்மூரில் அதைப் பிரித்து வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் சொற்பம். ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோவின் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸும் அப்படியே. நன்றாக இருக்கும்வரை சொர்க்கம். மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். மூன்று லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு ஒரு லட்சத்தில் ஒரு சாமான் என்பது குடும்ப பட்ஜெட்டுக்கு ஒத்துவராது.

ஹெட்லைட்டே இல்லை என்பதைவிட, ஸ்கேனர் இல்லை என்பது இன்னும் சங்கடம். இப்போதைய கார்களில் வார்னிங் லைட் எரிந்தால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்காமல் மெக்கானிக்கால் ஒன்றும் சொல்ல முடியாது. தெருவோர கராஜில் இருக்கும் ஸ்கேனர் மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திராவைச் சரளமாகப் படிக்கும். அரிதான வண்டிக்குத் திணறும். சாவி தொலைந்தால் புதுச் சாவிக்குக் கோடிங் போடுவதற்கும் இதே கதைதான்.

பெட்டிக்குள் இருப்பது யார் சரக்கு?

பார்ட்ஸ் விலையைப் பற்றிப் பேசும்போது பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. கார் கம்பெனிகள் பெரும்பாலான சாமான்களைத் தாங்களே செய்வதில்லை. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ்-டி.வி.எஸ். 1961-லிருந்து செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் செய்கிறது. அதே பாடியின் பிரேக்ஸ் இந்தியா பிரேக் சாமான் செய்கிறது. ரானே ஸ்டியரிங் சாமான் செய்கிறது. ஷாக் அப்சார்பருக்கு கேப்ரியல், கிளட்சுக்கு வேலியோ, லூக், விளக்குக்கு லூமாக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்ளையர். இவர்கள் கார் கம்பெனிக்குக் கொடுப்பது கம்பெனிப் பெட்டியில் கம்பெனி விலைக்கு வரும். இவர்களே வெளிச் சந்தைக்குத் தங்கள் பெயரில் போடும் சாமான் பெரும்பாலும் அதைவிட மலிவாகக் கிடைக்கும். வெளிச் சந்தையில் இப்படிச் சாமான் ஓடுகிற மாடலை வாங்கியவருக்கு வருடாவருடம் மிச்சம்.

எல்லா கார் கம்பெனிகளும் இதை விரும்பியதில்லை. சப்ளையர்கள் வெளியே விற்கக் கூடாது, தங்கள் சர்வீஸ் சென்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்று பல கம்பெனிகள் கட்டுப்போட்டு வைத்திருந்தன. இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பார்ட்ஸையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீடு, கோர்ட் என்று போனது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளத்தைத் தொடங்கியது; கார், பைக் துறையும் அதில் உண்டு. நல்ல ஆரம்பம். ஆனால் நடைமுறையில், எந்த பிராண்டின் சாமான் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது, எது சர்வீஸ் சென்டர் கவுன்டரில் மட்டும் கிடைக்கிறது என்ற வேறுபாடு இன்னும் இருக்கிறது. அது உங்கள் செலவில் பிரதிபலிக்கும்.

டூப்ளிகேட் பிரச்சினையும் இருக்கிறது. அதிகம் ஓடும் சாமானுக்குத்தான் போலியும் அதிகம். ஆயில் ஃபில்டர், பிரேக் பேடு, பேரிங்கில் ஹோலோகிராம் பார்த்து, பில் போட்டு வாங்குவதுதான் வழி.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே?

“எதுவானாலும் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்” என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். பம்பர் டு பம்பர் எனப்படும் ஜீரோ டெப் பாலிசி பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சாதாரண முழு இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இரும்புச் சாமானுக்கு, வண்டி ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் 40 சதவீதம், பத்து வயதைத் தாண்டியிருந்தால் 50 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை. ஆக, பம்பர் விலை அதிகமான வண்டியில் உங்கள் கையிலிருந்து போவதும் அதிகம்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. ரிப்பேர் செலவு, வண்டியின் இன்ஷூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள். மதிப்பு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் எஸ்டிமேட் 1.5 லட்சத்தைத் தாண்டினால் கதை முடிந்தது. இரண்டு ஹெட்லைட், பம்பர், போனெட், ரேடியேட்டர், கண்டென்சர், ஒரு ஏர்பேக் என்று முன்பக்கம் மட்டும் அடிபட்டாலே, சந்தை மதிப்பு விழுந்துபோன ஒரு சொகுசு வண்டியில் இந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். வண்டி மலிவு, சாமான் மலிவில்லை. அதே அடி வேகன் ஆருக்கு விழுந்தால் டிங்கரிங், பெயின்டிங்கோடு பிழைத்து வந்துவிடும்.

புதுப்பேட்டை கைகொடுக்குமா?

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு நம்பிக்கை புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் கதவு ஒரு குவியல், சீட் ஒரு குவியல், கியர்பாக்ஸ் ஒரு குவியல் என்று காரின் உடல் உறுப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரருக்குத் தன் குவியலில் எங்கே என்ன இருக்கிறது என்று கணக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். பெயர் சொன்னதும் கையை விட்டு இழுத்து எடுப்பார்.

கதவு, கண்ணாடி, டெயில் லைட், சீட், டேஷ்போர்டு பிளாஸ்டிக் என்றால் காயலாங்கடைச் சாமானில் ஒரு தவறும் இல்லை. கம்பெனி போன வண்டிக்கு இதுதான் பல சமயம் ஒரே வழி. பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றை மட்டும் அங்கே வாங்கக் கூடாது. இன்ஜினோ கியர்பாக்ஸோ முழுதாக வாங்கினால், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்குக் காகிதம் கேட்க வேண்டும். திருட்டு வண்டிச் சாமான் என்று பின்னால் தெரிந்தால் அலைய வேண்டியவர் நீங்கள்தான். புதுப்பேட்டையை நம்பி வண்டி வாங்குகிறவர் சென்னையில் இருக்க வேண்டும், பேரம் பேசத் தெரிய வேண்டும், மெக்கானிக்கைக் கூட அழைத்துப்போக முடிய வேண்டும். நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு புதுப்பேட்டையை நம்ப முடியாது.

அட்வான்ஸுக்கு முன்னால்

இனி நடைமுறை. காரைத் தேர்வு செய்வதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், எப்போது போனாலும் இரண்டு மூன்று வண்டி நிற்கும் கராஜ் இருந்தால், அங்கே எந்த வண்டிகள் வருகின்றன என்று பாருங்கள். அவர் தினமும் கைவைக்கும் மாடல்தான் உங்களுக்கான மாடல். “எந்த வண்டி வாங்கலாம்ணே?” என்று பொதுவாகக் கேட்டால் ஸ்விஃப்ட் என்பார். “இந்த மாடல்ல கடைசியா எந்தச் சாமானுக்குக் காத்துக் கிடந்தீங்க?” என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும்.

பிறகு ஸ்பேர்ஸ் கடை. எல்லாச் சாமானையும் கேட்க வேண்டாம். ஒரு பக்க ஹெட்லைட், ஃபிரண்ட் பம்பர், கிளட்ச் செட், லோயர் ஆர்ம், ஏ.சி. கம்ப்ரெசர், ஃபிரண்ட் கிளாஸ். இந்த ஆறுக்கும் விலை என்ன, ரெடி ஸ்டாக்கா, எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாடலுக்கு இடையே குழம்புகிறவர்கள் இரண்டுக்கும் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். ஆறில் இரண்டு சாமானுக்கு மேல் “ஆர்டர் போடணும், நாள் சொல்ல முடியாது” என்று வந்தால் நான் அந்த வண்டியை விட்டுவிடச் சொல்வேன்.

விதிவிலக்கு உண்டு. வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, காருக்காக ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கப் பிடிக்கும், நம்பகமான மெக்கானிக் கையில் இருக்கிறார் என்றால் க்ரூஸையோ லீனியாவையோ தாராளமாக வாங்கலாம். அந்த விலைக்கு அப்படியொரு ஓட்டும் சுகம் வேறெங்கும் கிடைக்காது. ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது வேண்டாம். அவர்களுக்கு நான் சொல்வது சலிப்பூட்டும் பட்டியல்தான்: ஒரு லிட்டர் வேகன் ஆர், ஆல்டோ, பெட்ரோல் ஸ்விஃப்ட், ஐ10, கிராண்ட் ஐ10. கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் டிசையர், எட்டியாஸ். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இன்னோவா. சாமான் விலை கூடுதல், ஆனால் சீக்கிரம் போகாது. ஃபோர்டு டீசல் மேனுவல், அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால், சந்தை பயந்து விலையைக் குறைத்து வைத்திருக்கும் இந்த நேரத்தில் நல்ல பேரம்.

பார்ட்ஸ் கிடைக்கும் மாடலிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல, துடைத்துப் பெருக்கி வெளி மாவட்டச் சந்தைகளுக்குப் போயின. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு பார்ட்ஸ் கிடைத்தாலும் வயரிங்கில் தண்ணீர் போன வண்டி தேறாது.

வண்டி பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. புக்கின் போட்டோவை மெக்கானிக்குக்கும் ஸ்பேர்ஸ் கடைக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சேஸிஸ் நம்பரை வைத்து எந்த மாதம் தயாரானது, எந்த டைப் சாமான் பொருந்தும் என்று அவர்கள் சரிபார்த்துச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் இருவரும் சரி என்ற பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதுவரை, “இன்னொரு பார்ட்டி காத்துக்கிட்டிருக்கு சார்” என்று புரோக்கர் எத்தனை முறை போன் செய்தாலும் எடுக்க வேண்டாம்.